எது நம்ம வண்டி

எங்கள் கார்த் தொழிலாளர் சங்கக் கூடத்தின் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பலகை உண்டு. வெளிநாட்டு வண்டிகளுக்கு இங்கே இடமில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கார் செய்தே பிழைத்த ஃபிளிண்ட் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூடிப்போன பெரிய மளிகைக் கடை ஒன்றும், அதன் முன்னால் புல் முளைத்த தார்த்தரையும் இருக்கின்றன. ஜப்பான் வண்டியில் வருகிறவன் அங்கே நிறுத்திவிட்டு, மழையானாலும் பனியானாலும், நடந்துதான் வரவேண்டும். புது மாப்பிள்ளையானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி.

அந்தப் பலகைக்குக் காவல் காஸிமிர் ப்ரோஸ்கி. யாரும் அவனை நியமிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார ஆரம்பித்தான். அப்படியே அது அவன் வேலையாகிவிட்டது.

என் பெயர் லுவெல்லா. கூடத்துச் சமையலறை என் பொறுப்பு. அதற்கு முன்னால் தொழிற்சாலையில் காஸிமிரும் நானும் எதிரெதிரே நின்றவர்கள். அவனுக்கு இடப்பக்கக் கதவு மாட்டுகிற வேலை, எனக்கு வலப்பக்கக் கதவு. நடுவில் ஓடுகிற லைனில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்போம். ஆகவே அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவனுக்குப் பிடிக்காததையும் சேர்த்து.

பள்ளி முடித்த கோடையில் தொழிற்சாலைக்குள் போனவன், முழங்காலும் தலைமுடியும் போன பிறகுதான் வெளியே வந்தான். இடையில் வேலை நிறுத்தம், ஆட்குறைப்பு, மறுபடி கூப்பிட்டது எல்லாம் பார்த்தான். எத்தனை அடி வாங்கினாலும் எங்கள் கம்பெனி வண்டியைத் தவிர வேறு வண்டியில் அவன் கால் வைத்ததில்லை. அழகில் நம் வண்டியை அடிக்க ஆளில்லை என்பது அவன் கட்சி. நீண்ட மூக்கு, பளபளக்கும் முன்தடுப்பு, வீட்டு நாற்காலி போல அமுங்கும் இருக்கை. ஜப்பான் வண்டியை அவன் சோப்புக்கட்டி என்பான். தேய்த்துக் குளிக்கலாம், ஏறிப் போக முடியுமா என்று கேட்பான்.

அழகு விஷயத்தில் நானும் அவன் கட்சிதான். ஆனால் எனக்குக் கண் இருந்தது. எதிர்வீட்டுக்காரியின் சோப்புக்கட்டி, பனி உருக உப்புத் தூவிய எங்கள் ஊர்ச் சாலையில் வருஷக்கணக்காக ஓடியும் கரையவில்லை. காஸிமிரின் வண்டியோ மாதம் ஒருமுறை விற்ற இடத்துக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். கதவில் தண்ணீர் இறங்கும், உள்ளே ஏதோ கடகடக்கும். கேட்டால், நம்ம வண்டி கொஞ்சம் பேசும் என்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களில் எவரும் எங்கள் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதில்லை. என்றைக்குச் செய்தது என்று உள்ளே ஆள் வைத்து விசாரிப்போம். திங்கட்கிழமை வண்டி வேண்டாம், பாதிப் பேருக்குத் தலைவலி. வெள்ளிக்கிழமை வண்டியும் வேண்டாம், எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் வாரத்து வண்டியோ கூடவே கூடாது. அந்த வாரம் பாதி லைன் காட்டில் இருக்கும். கதவு மாட்டத் தெரியாதவன் கதவு மாட்டுவான். காஸிமிரே தன் மச்சானை ஓரமாக இழுத்துப்போய் அந்த வார வண்டியை வாங்காதே என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதே வாயால் அன்று மாலையே சாராயக் கடையில், உலகத்தில் எங்கள் வண்டிக்கு ஈடில்லை என்று வெளியூர்க்காரனிடம் சண்டைக்கு நின்றான். இரண்டையும் அவன் நம்பினான். வீட்டுக் குறையை வீட்டுக்குள்தான் பேசவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

அவனுக்கு ஒரே பெண், ரெனாட்டா. கோடையில் சங்கத்துச் சுற்றுலா நடக்கும்போது ஒரு பழைய ஜப்பான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, எங்கள் வேலையைத் தின்கிறது என்ற கோபத்தில் ஆளாளுக்குச் சம்மட்டியால் அடிப்போம். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த ரெனாட்டாவின் கையில் சம்மட்டியைக் கொடுத்து, பின்னாலிருந்து தானும் பிடித்துக்கொண்டு காஸிமிர் ஓங்கிப் போட்டான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவள் வளர்ந்து வேலைக்குப் போகும் வயது வந்தபோது எங்கள் தொழிற்சாலை இல்லை. இடித்து, வேலி போட்டு, புல் வளர விட்டுவிட்டார்கள். அவள் பக்கத்து மாநிலமான இந்தியானாவுக்குப் போய் ஒரு ஜப்பான் கம்பெனியின் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே சங்கம் கிடையாது. அவளுக்குக் கொடுத்த வேலையும் கதவு மாட்டுவதுதான்.

மகள் எங்கே என்று கேட்டால் காஸிமிர், இந்தியானாவில் ஒரு கம்பெனியில் என்பான். என்ன கம்பெனி என்றால் இரும்புச் சாமான் என்பான். அவள் ஊருக்கு வரும்போது வண்டியை முனையிலிருக்கும் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவாள். அப்பனும் மகளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாக்காரி இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம் ரெனாட்டாவுக்கு, கூட வேலை செய்யும் ஆர்லோ என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. அவள் கத்தோலிக்கம், அவன் வேறு சபை. யார் கோயிலில் என்று சண்டை வேண்டாம், அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தன்று ஆடிய அந்தச் சங்கக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் போனில் சொன்னதும் காஸிமிருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே என்னிடம் வந்து, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை எத்தனை தட்டு வேண்டும் என்று பேச ஆரம்பித்தான். மறுநாள் அவள் மறுபடி கூப்பிட்டாள். வரப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் தொழிற்சாலை ஆட்கள். எல்லோரும் தாங்கள் செய்கிற வண்டியில்தான் வருவார்கள்.

அவள் சொன்னதை அவன் அப்படியே என்னிடம் ஒப்பித்தான். "அப்பா, நான் பங்க்ல வண்டிய விட்டுட்டு நடந்து வர்றது வேற. என் கல்யாணத்தன்னைக்கு எவனாவது என் ஆளுங்களப் பாத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன்னு சொன்னா, நான் வண்டிய விட்டு இறங்கவே மாட்டேன். அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடுவேன்."

போய்விடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பன் பிடிவாதமும் அம்மா பிடிவாதமும் ஒன்றாகச் சேர்ந்து செய்த பெண் அவள். காஸிமிருக்கும் அது தெரியும். முகம் வெளுத்துப்போய் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

சாப்பாடு பேச ரெனாட்டா ஒரு சனிக்கிழமை வந்தாள். இந்த முறை பங்கில் விடாமல், நேராக அப்பன் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். நானும் அங்கே இருந்தேன். காஸிமிர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே, முன்கண்ணாடிக்குக் கீழே தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பார்க்கச் சொன்னாள். அந்த எண்ணின் முதல் இலக்கம் வண்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஒன்று, நான்கு, ஐந்து என்றால் நம் நாடு. இரண்டு கனடா. மூன்று மெக்சிகோ. ஜப்பானில் செய்தால் எண்ணுக்குப் பதில் ஜே என்ற எழுத்து. காஸிமிர் குனிந்து பார்த்தான். ஜே இல்லை. நான்கு.

அவன் நிமிர்ந்து கதவைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான், மூடினான். மெத்தென்று ஒரு சத்தம். கதவு வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். கதவின் இடுக்கில் விரல் நுனியை மேலிருந்து கீழே ஓட்டினான். எங்கும் ஒரே சீராக இருந்தது.

"இது சரியா உக்காரலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"தலைக்கு மேல ஒரு கயிறு இருக்கும்பா. இழுத்தா லைன் நின்னுடும். சரி பண்ணிட்டுத்தான் நகரும்."

"யாரு இழுக்கலாம்?"

"யாரு வேணா. நேத்து சேந்தவகூட."

"சூப்பர்வைசர் கத்த மாட்டானா?"

"வந்து நன்றி சொல்லிட்டுப் போவாரு."

காஸிமிர் சிரித்தான். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

எங்கள் காலத்தில் லைன் நிற்காது. என் பக்கத்தில் ஒருவன் மயங்கி விழுந்தபோது அவனைத்தான் ஓரமாக இழுத்துப் போட்டார்கள், லைன் ஓடிக்கொண்டிருந்தது. கதவு கோணலாக வந்தால் ஆரம்பத்தில் நாங்கள் கத்துவோம். மேஸ்திரி, போகட்டும் விடு, விற்கிறவன் தட்டிச் சரி பண்ணிக்கொள்வான் என்பான். தட்டுவதற்கென்றே ரப்பர் சுத்தியல் ஒன்று இருந்தது. கொஞ்ச காலத்தில் கத்துவதை விட்டுவிட்டோம். ஊரெல்லாம் எங்களைச் சோம்பேறிகள், குடிகாரர்கள், ஜப்பான்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தெரியாதவர்கள் என்றது. அதில் பாதியை நாங்களே நம்பினோம்.

"எங்களுக்கு யாரும் கயிறு குடுக்கலயே," என்றான் காஸிமிர். மகளைப் பார்த்தும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

ரெனாட்டா கதவைச் சாத்தும்போதுதான் அவள் மணிக்கட்டு வீங்கியிருப்பதை அவன் கவனித்தான். வேலை செய்து செய்து வந்த வீக்கம். யாரிடம் சொன்னாய் என்று கேட்டான். சொல்வதற்கு யார் இருக்கிறார்கள் என்றாள் அவள். ரொம்ப வலித்தால் வேறு இடத்தில் மாற்றிவிடுவார்கள், அதற்கும் மேலே வலித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். எங்கள் காலத்தில் அப்படி ஒரு கை வீங்கியிருந்தால் சங்கம் கட்டடத்தையே ஆட்டியிருக்கும். கதவைப் பார்த்தால் பெருமையாக இருந்தது, கையைப் பார்த்தால் வயிறு எரிந்தது. காஸிமிர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதம் நடந்த, ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். பலகை சொல்வது என்ன, வெளிநாட்டு வண்டி என்றுதானே? அப்படியானால் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள், இந்த மண்ணில் செய்த வண்டி எதுவானாலும் உள்ளே வரட்டும் என்றான். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருப்பான் போல, நன்றாகவே பேசினான். சிலர் தலையை ஆட்டினார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் மெர்ல் ஹாட்ஜ். உப்புத்தாள் மாதிரி நாக்கு. அவர் எழுந்து வெளியே போனார். எல்லோரும் பின்னால் போனோம். காஸிமிரின் புது பிக்கப் அங்கே பளபளவென்று நின்றது. நம் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் முகப்பில் இருந்தது. மெர்ல் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மூணு. டேய் காஸ், உன் வண்டி மெக்சிகோடா. உன் சட்டப்படி நீதான் மொதல்ல வெளிய போகணும்."

காஸிமிர் நம்பவில்லை. தானே குனிந்து பார்த்தான். வாங்கும்போது பெயரைப் பார்த்தானே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. தன் கம்பெனி வண்டியின் எண்ணை எவன் பார்ப்பான்? அதற்குள் மற்றவர்களும் தங்கள் தங்கள் வண்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்கு ஒன்று, ஒருவனுக்கு மூன்று. மெர்ல் வண்டிக்கு இரண்டு. கனடா என்ன அந்நியமா, பாலம் தாண்டினால் கனடா என்று மெர்ல் சமாளித்தார். பாலம் தாண்டினால் வேறு நாடுதான் என்று யாரோ ஒருவன் சொன்னான். பெயர்தான் கணக்கு என்றான் ஒருவன், லாபம் யாருக்குப் போகிறதோ அவன் வண்டி என்றான் இன்னொருவன். கடைசியில் மெர்ல் குரலை உயர்த்தினார். பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், நம் சங்கத்து ஆள் கைபட்டதா இல்லையா, அதுதான் கேள்வி என்றார். அப்படிப் பார்த்தால் மெர்ல் வண்டியும் வெளியே போகவேண்டும். கனடாக்காரர்கள் எங்கள் சங்கத்திலிருந்து பிரிந்து ரொம்ப காலமாகிறது. அதை ஒருவன் எடுத்துச் சொன்னதும் கூட்டம் முடிந்தது. பலகை அப்படியே இருந்தது.

காஸிமிர் சமையலறைக்கு வந்தான். மேசைமேல் இருந்த உப்புக் குப்பியை எடுத்து, இது என் வண்டி என்றான். மிளகுக் குப்பியை எடுத்து, இது ரெனாட்டா வண்டி என்றான். நடுவில் ஒரு கத்தியைப் போட்டான், அது ரோடு. பெயரைப் பார்த்தால் உப்பு உள்ளே, மிளகு வெளியே. எண்ணைப் பார்த்தால் மிளகு உள்ளே, உப்பு வெளியே. குப்பிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டும் ஒரே பக்கம் வர்ற மாதிரி ஒரு சட்டம் இல்லயா லுவெல்லா? நானும் என் பொண்ணும் ஒண்ணா நிக்கற மாதிரி?"

"மெர்ல் சட்டம் இருக்கே, சங்கத்து ஆளு கை படணும்னு. ரெண்டும் வெளிய."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு குப்பியையும் கத்திக்கு அந்தப் பக்கம் ஒன்றாகத் தள்ளி வைத்துப் பார்த்தான். அப்போதே நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் கல்யாணம். காலையிலிருந்தே கூடத்தில் பூவும் காகிதத் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் வாசலில் உட்கார முடியாது என்று காஸிமிரின் மடக்கு நாற்காலியை மெர்ல் எடுத்துக்கொண்டார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, பலகைக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு அடுப்பில் கை ஓடவில்லை. அந்தப் பெண் திருப்பிக்கொண்டு போய்விட்டால் இத்தனை பியரோகியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பதைவிட, காஸிமிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நேரம் ஆக ஆக, காஸிமிரைக் காணோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூடிப்போன மளிகைக் கடையின் முன்னால், புல் முளைத்த தார்த்தரையில் அவன் பிக்கப் நின்றது. பக்கத்தில் கறுப்புக் கோட்டும் மார்பில் வெள்ளைப் பூவுமாக அவன் நின்றான். நான் கை துடைக்கும் துணியோடேயே ரோட்டைத் தாண்டி ஓடினேன். ஏன்யா இங்கே நிற்கிறாய், பைத்தியமா என்று கேட்டேன். சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்றான். சரியா தப்பா என்பது அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அதற்குள் இந்தியானா வண்டிகள் வரிசையாக வந்துவிட்டன. முதல் வண்டியை ரெனாட்டாவே ஓட்டிக்கொண்டு வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் உடுத்திக்கொண்ட வெள்ளைக் கவுன், ஆர்லோ பக்கத்தில். கூடத்து வாசல் பக்கம் திரும்பவிருந்தவள், மெர்லையும் பலகையையும் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். மெர்ல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்போது இந்தப் பக்கம் அப்பன் நிற்பதைப் பார்த்துவிட்டாள். வண்டி நடு ரோட்டில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எங்கள் பக்கம் திரும்பியது. மற்ற வண்டிகளும் பின்னாலேயே திரும்பின.

கண்ணாடியை இறக்கினாள். இறங்கவில்லை. "உங்கள யாரு இங்க நிறுத்தச் சொன்னது? உங்க வண்டி உள்ளதானே நிக்கணும்?"

"என் வண்டிய எங்க சங்கத்து ஆளு செய்யல. உன்னுதயும் செய்யல. எந்தச் சட்டம் சரின்னு எனக்குத் தெரியலம்மா. மெர்ல் சொன்ன இந்த ஒண்ணுலதான் நீயும் நானும் ஒரே பக்கம் வர்றோம்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்ஜினை அணைத்தாள். காஸிமிர் போய், அவள் மாட்டிய அந்தக் கதவைத் திறந்தான். கவுனின் ஓரம் சிக்காமல் ஒரு கையால் எடுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்கிய பிறகு மெதுவாகச் சாத்தினான்.

இந்தியானா ஆட்கள் எல்லோரும் நல்ல உடுப்பில், பரிசுப் பெட்டிகளோடு, புல் முளைத்த தரையில் இறங்கி நின்றார்கள். ஆர்லோ வழி விட்டான். அப்பனும் மகளும் ரோட்டு ஓரத்துக்கு வந்தார்கள். எதிரே பாதி காலியான வண்டி நிறுத்தத்தில் மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரெனாட்டா வீங்கிய கையால் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இப்ப நாம உள்ள ஆளா, வெளி ஆளா?"

"தெரியலம்மா," என்றான் காஸிமிர். "கைய விடாத, வண்டி வருது."